தகரத்தில் காய்ந்த வாணங்கள்

காலடிப்பேட்டையில் அக்கா புருஷனும் நானும் வாணக் கொட்டகை வைத்திருந்தோம். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் ஈரம் தெளித்துக் கலப்பது மாமா. அதைக் காகிதக் குழாயில் போட்டு இடித்துக் கெட்டிப்பது நான். சாயங்காலத்துக்குள் தோள்பட்டை கழன்றுவிடும். ஜனங்களுக்கு என்ன, வானத்தைப் பார்த்து வாயைப் பிளப்பதோடு சரி.

இந்த வெடிமருந்து எரிய வெளிக்காற்று வேண்டாம். வேண்டிய காற்று வெடியுப்புக்குள்ளேயே இருக்கிறது. மருந்து கெட்டியாக இருந்தால் நெருப்பு மேல்முகத்தை மட்டும் தின்றுகொண்டு மெல்ல உள்ளே போகும். புகை அடிவாயில் சீறும், வாணம் ஏறும். விரிசல் இருந்தால் போச்சு. நெருப்பு அதற்குள் ஓடி எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் பற்றும். அத்தனை புகைக்கு அந்தச் சின்ன வாய் போதாமல் குழாய் வெடிக்கும்.

அதனால் குழாய்களை நிழலில்தான் காயவைப்போம். பிறகு ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து நகத்தால் தட்டுவேன். சத்தம் பிசகினால் ஒதுக்கிவிடுவேன்.

மழைக்காலம் முடிந்த கையோடு, குப்பத்தில் புதுப் படகு இறக்க வாணம் கேட்டார்கள். கடல்காற்றின் ஈரத்தில் ஒன்றும் காயவில்லை. ஒருநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. அலுப்பில் எல்லாவற்றையும் தகரக் கூரைமேல் பரப்பிவிட்டேன். வெளியே சட்டென்று காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் விரிசல் விடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அதே அலுப்பில் தட்டிப் பார்க்கவும் இல்லை.

“இன்னா மச்சான், எல்லாம் தட்டிப் பாத்தியா?” என்றார் மாமா.

“பாத்துட்டேன் மாமா.”

மாமாவுக்கு ஒரு வீம்பு. மற்றவர்கள் வாணக் குச்சியை மணலில் ஊன்றிப் பற்றவைப்பார்கள். அவர் கையில் பிடித்துத்தான் விடுவார். “என் மச்சான் கெட்டிச்சது, ஒண்ணியும் ஆவாது” என்று குப்பத்தாரிடம் பெருமை வேறு. மூன்றாவது வாணம் கையிலேயே வெடித்தது. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கு அக்கா சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது.

“உப்புல அழுக்கு இருந்துகீது மச்சான். நான்தான் சரியா பாக்காம கலந்துட்டேன். நல்லவேள, உன் கைல வெடிக்கல” என்றார் மாமா.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். “ஆமா மாமா, உப்புதான்” என்று வந்தது.

அவர் தலையை ஆட்டினார். இடுப்பிலிருந்த கொட்டகைச் சாவியை இடது கையால் தடவி எடுத்தார். “இனிமே நீயே கலக்கு. என்னிய நம்பக்கூடாது.”

வாங்கிக்கொண்டேன்.