பின்னாலேயே வந்த சலீம் நானா

சலீம் நானா போய்விட்டார். இன்று விடியற்காலை... எனக்கு மத்தியானம்தான் தெரியும்.

கண்டியில் அவரிடம் வாடகை சைக்கிள் எடுத்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதி நம் வாசிகசாலைப் பலகையில் ஒட்டுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மற்றக் கடைக்காரர்கள் சைக்கிளைக் கொடுத்துவிட்டுக் கடையில் இருப்பார்கள். இந்த மனுஷன் சைக்கிளைக் கொடுத்து, கடையைத் தம்பி கையில் ஒப்படைத்து, இன்னொரு சைக்கிளில் ஏறி நம் பின்னாலேயே வருவார். தன்னுடைய சைக்கிளை நாம் என்ன பாடு படுத்துகிறோம் என்று பார்க்க!

முதல் தடவை எனக்கு விளங்கவில்லை. பேராதனைப் பாலம் தாண்டியும் பின்னால் பெல் சத்தம். திரும்பினால் நானா.

"எங்க நானா இந்தப் பக்கம்?"

"ஒண்டுமில்ல மாஸ்டர், நீங்க போங்கோ. பிரேக்கை மட்டும் மெல்லமா புடிங்கோ."

அந்த "நீங்க போங்கோ" கம்பளை வரைக்கும் வந்தது. திரும்பியும் வந்தது.

அந்தப் பாதை உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் மகாவலி ஆறு, மறு பக்கம் வயல்... பெரிய ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. சைக்கிளில் போக அதைவிட நல்ல பாதை இந்தப் பக்கத்தில் இல்லை.

அதை ஒரு நாளாவது நிம்மதியாகப் பார்த்தேனா? கல் வந்தால் "கல்லு!" மணல் வந்தால் "இறங்குங்கோ!" மாட்டுவண்டி வந்தால் "ஓரமா, ஓரமா!" காது புளித்துப்போகும்.

கெலிஓயாவுக்குக் கிட்ட ஒரு வளைவில் ஆறு நன்றாக அகன்று தெரியும். ஒரு நாள் கொஞ்சம் தலையைத் திருப்பிவிட்டேன். அவ்வளவுதான்.

"ஆத்தைப் பாத்தா ரோட்டை யாரு பாக்கிற, மாஸ்டர்?"

"ஆறு எவ்வளவு அழகா இருக்கு, பாருங்க நானா..."

"ஆறு அங்கயே ஈக்கும். ரிம் போனா போனதுதான்."



என் கூட்டாளி தங்கராஜ் ஒரு தடவை சைக்கிளோடு வயலில் இறங்கிவிட்டான். முழங்கால் வரைக்கும் சேறு. நானா ஓடி வந்தார்... வந்து முன் சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பார்த்து முடிகிற வரைக்கும் தங்கராஜ் சேற்றில் நின்று சைக்கிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு நாள் நல்ல மழை. மூன்று பேருக்கு ஒரே ஒரு குடை, அதுவும் நானாவின் குடை. அதை என் சைக்கிள் சீட்டுக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு அவர் நனைந்தார், நாங்களும் நனைந்தோம்.

"நானா, குடை மனுஷனுக்கு!"

"மனிசன் காஞ்சிருவான் மாஸ்டர். தோல் சீட்டு லேசில காயாது."

வேறு கடை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அந்தச் சைக்கிளில் பாதி வழியில் செயின் கழன்று விழும். நானாவின் சைக்கிள் ஒரு நாளும் நடுவழியில் கைவிட்டதில்லை. அதனால்தான் அவரை விடவும் முடியவில்லை.

ஒரு வருஷமாகக் கெஞ்சினேன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தனியாக விடுங்கள் நானா, நான் என்ன சின்னப் பிள்ளையா என்று. காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நேற்றுக் காலை போனேன். கதிரையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல வெயில்.

"நீங்க போய்ட்டு வாங்கோ மாஸ்டர். நான் வரல்ல. பொழுதுபட முந்தி கொண்டாந்துருங்கோ."

நான் என்ன செய்தேன் தெரியுமா? மனம் மாறிவிடுவாரோ என்று பயந்து, சட்டென்று ஏறி மிதித்தேன்.

வீட்டுக்கு வீடு காய்ச்சல் இருக்கிற காலம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து கொடுக்கிறவன் நான். வெயிலில் ஒரு மனுஷன் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தால் என்னவென்று எனக்குத் தெரியாதா? தெரியும். பார்க்கவில்லை.

வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம். கண்ட இடத்தில் நின்றேன், கண்டபடி மிதித்தேன், ஆற்றைப் பார்த்துக்கொண்டே போனேன். கம்பளையில் அக்கா வீட்டில் சோறு போட்டார்கள். இன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு, காலையில் கொடுத்தால் போகிறது என்று அங்கேயே தங்கிவிட்டேன்.

இன்றைக்கும் அவசரப்படவில்லை. நின்று நின்று, தேத்தண்ணீர் குடித்துக் குடித்து வந்தேன்.

வந்தால் கடை சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து நானாவின் தம்பி வந்து, டயரைக்கூடப் பார்க்காமல் சைக்கிளை உள்ளே தள்ளிவிட்டார். நானாவின் மையத்தைக் காலையிலேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். முகம்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை.

"நானா நேத்துப் பொழுதுபட்டதுல இருந்து ரெண்டு மூணு தரம் கேட்டாரு, மாஸ்டர். சைக்கிள் வந்திட்டாண்டு."

அந்த நேரத்திலும் சைக்கிள்தான்! காய்ச்சல் நெருப்பாகக் கொதிக்கும்போதும்... இந்த மனுஷனை என்னதான் செய்வது?

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வந்திட்டுண்டு சொன்னேன். அவரு நம்பல்ல. வந்தா பெல் சத்தம் கேக்குமேண்டு சொல்லிட்டு வாசலையே பாத்துக்கிட்டு ஈந்தாரு."

அந்த நேரம் நான் கம்பளையில் இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரில் நின்று பாடிக்கொண்டிருந்தேன்.

என்னை மன்னித்துவிடுங்கள், சலீம் நானா. போய் வாருங்கள்.