குடைக்கடை கரீமாவின் இத்தா

ரங்கூன் தாமுவே சந்தையில் குடைக்கடை கரீமாவைத் தெரியாதவர்கள் குறைவு. வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். ரொம்ப அடித்துப் பேரம் பேசினால், "அப்ப நனைஞ்சிக்கிட்டே போ தாயி, ரங்கூன் மழ சும்மாத்தானே வருது" என்பாள். பேரம் பேசினவளும் சிரித்துக்கொண்டே குடையை வாங்கிப் போவாள். இத்தனை பேசுகிறவள், கேட்டே ஆகவேண்டிய ஒன்றை மட்டும் கேட்காமல் இருந்துவிட்டாள். என்னத்தைச் சொல்ல!

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, படித்துக்கொண்டிருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. பிறகு பர்மியப் பள்ளியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஒரு எழுத்தும் விளங்கவில்லை. அழுது அழுது ஒரு நாள் நின்றேவிட்டாள். அந்த ஆற்றாமை அவளை விட்டுப் போகவில்லை. மகள் நிலோஃபராவது பத்தாவது தேற வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நிலோஃபரும் லேசுப்பட்டவள் இல்லை. அவள் எழுதிய கட்டுரையை வகுப்பு சயாமா, அதுதான் டீச்சர், மற்றப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவார்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஜூன் மாதம், நிலோஃபர் பத்தாவதில் போய் உட்கார வேண்டிய அதே வாரம், கரீமாவின் புருஷன் ஷாநவாஸ் நெஞ்சு வலி வந்து மவுத்தாகிவிட்டார். கரீமா இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டிய காலம் அது. அவளுடைய உம்மா இருந்ததைப் பார்த்திருக்கிறாள், பெரியம்மா இருந்ததையும் பார்த்திருக்கிறாள். இரண்டு பேரும் வெள்ளை உடுத்தி, வாசல்படியைத் தாண்டாமல் இருந்தார்கள். மார்க்கமே அப்படித்தான் சொல்கிறது என்று கரீமா நினைத்துக்கொண்டாள்.

ஆனால் குடைக்கடைக்கு மழைக்காலம்தானே பிழைப்பு? அந்த மாதங்களில் கடையைப் பூட்டினால் வருஷம் பூராவும் அடுப்பு எரியாது. கொழுந்தன் அப்துல் பாரிக்கு இன்சீன் ரயில் பட்டறையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். பக்கத்துக் கடை வேலம்மாவுக்குக் காலையில் இட்லி வியாபாரம் தலைக்கு மேல் இருக்கும். மத்தியானம் வேண்டுமானால் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

"காலைல நான் கடையத் தொறக்குறேன் உம்மா. சோறு தின்னுட்டு மத்தியான வகுப்புக்குப் போயிடுறேன்" என்றாள் நிலோஃபர்.

சயாமாவும் இரக்கப்பட்டு, அரை நாளாவது வா என்றார். வருகையை அரை நாள், அரை நாள் என்றே குறித்தும் வந்தார். இரண்டு அரை சேர்ந்தால் ஒரு நாள்தானே என்று தாயும் மகளும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம் அந்த சயாமாவே நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். பெரிய சயாமா, அதாவது தலைமையாசிரியை, வருகைப் பதிவைப் பார்த்துவிட்டாராம். காலை முதல் மணிக்குப் பெயர் கூப்பிடும்போது இல்லாதவள் அன்றைக்கு வராதவள்தான், அரை நாள் என்று ஒரு கணக்கே கிடையாது என்றாராம். முக்கால்பங்கு வருகை இல்லாமல் பரீட்சைக்குப் பெயர் போகாது. இனி ஒரு நாள் விடாமல் வந்தாலும் முக்கால்பங்கு எட்டாது.

"என் தப்பும்மா. கேட்டுக்கிட்டு செஞ்சிருக்கணும்" என்று பர்மியத்தில் சொல்லி அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கரீமா எழுந்து வாசல் வரைக்கும் போனாள். நேரே போய்ப் பெரிய சயாமாவின் கையைப் பிடித்துக் கெஞ்சலாம். ஆனால் இத்தாவில் இருக்கிறவள் எப்படிப் போவாள்? ஞாயிற்றுக்கிழமை வந்த அப்துல் பாரியைப் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்திடம் அனுப்பினாள். ஒரே ஒரு தடவை வெளியே போய்வர அனுமதி உண்டா என்று கேட்டு வரச் சொன்னாள்.

போனவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன தம்பி, கூடாதுன்னுட்டாங்களா?"

"இல்ல மதினி. தாராளமாப் போகலாமாம்." "பொழப்புக்கு வேற ஆள் இல்லாதவ பகல்ல போயிட்டு, ராத்திரி வீட்ல தங்கிக்கிட்டாப் போதுமாம். கடைக்கும் போயிருக்கலாமாம். மொதல்லயே ஏன் கேக்கலன்னு ஹஜ்ரத்து என்னயத்தான் ஏசுனாங்க."

அந்தக் காலை நேரமெல்லாம் கரீமாவே கடையில் இருந்திருக்கலாம். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவளாகவே கதவைச் சாத்திக்கொண்டு, அதற்கு மார்க்கம் என்று பெயர் வைத்துவிட்டாள்.

மறுநாள் வெள்ளைத் துப்பட்டியோடு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பெரிய சயாமா கெட்டவர் இல்லை. உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். "ஜூலையில வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏதாவது வழி பார்த்திருக்கலாமே. இப்ப என் கையில ஒண்ணும் இல்லை. வர்ற வருஷம் மறுபடியும் பத்தாவதுல உட்காரட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஹஜ்ரத் சொன்னதை மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மறைத்தால் மகளுக்குக் கோபம் பள்ளிக்கூடத்தின் மேல்தான் இருக்கும். மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"அப்ப யாரு உம்மா ஒங்கள வெளிய போகக் கூடாதுன்னு சொன்னா?" என்று கேட்டாள் நிலோஃபர்.

"யாரும் சொல்லலடி. நான்தான் கேக்கல. ஒன் வருஷத்த நானே தின்னுட்டேன்."

நிலோஃபர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. கரீமாவும் சாப்பிடவில்லை.

விடிந்ததும் கரீமா கடைக்குப் புறப்பட்டாள். இத்தாவில் இருக்கிறவள் சந்தைக்குப் போகிறாளே என்று நாலு பேர் பேசுவார்கள். பேசினால் பேசட்டும். செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினால், வாசலில் நிலோஃபர் பள்ளி உடுப்பில், கன்னத்தில் தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு நிற்கிறாள்.

"எங்கடி போற? இந்த வருஷம் கணக்குலயே வராதுன்னுட்டாங்களே, புள்ள."

"வராட்டி போவுது. பேர் கூப்புடுறப்ப நானும் 'இருக்கேன்'னு சொல்லணும் உம்மா. இந்த வருஷம் ஒரு நாளும் நான் சொல்லல."

சொல்லிவிட்டு, முதல் மணி அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஓடினாள்.