பஞ்சவர்ணத்தின் கழுத்து

ஆவடியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் போகிற காலைப் பேருந்தில், மேல்கம்பியைப் பிடித்தபடி, பஞ்சவர்ணம் முகவாயை மெல்ல உள்ளே இழுத்துக்கொள்கிறாள். கழுத்து நரம்பு புடைக்கிறது. வாயை மூடி, மூக்கால் நீளமாக மூச்சு விடுகிறாள். ஒரு நிமிடம் அப்படியே நிற்கிறாள். யாரையோ முறைக்கிறாள் என்று நினைத்துப் பக்கத்திலிருப்பவர்கள் நகர்ந்துகொள்கிறார்கள். நிற்க இடம் கிடைக்கிறது.

எட்டு வயதிலிருந்து அவள் கழுத்து வலப்பக்கமாக வெட்டி இழுக்கும். கூடவே தொண்டையிலிருந்து நாய்க்குட்டி குரைப்பது போல ஒரு சத்தம். சொந்த ஊரான பருத்திப்பட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் வெட்டுக்கிளி. வேப்பிலை அடித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். அப்பா தாயத்துக்கெல்லாம் காத்திராமல் கன்னத்தில் அறைந்தார். வேண்டுமென்றே செய்கிறாள் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

முப்பத்துநாலாவது வயதில், தொண்ணூற்று மூன்றாம் வருஷம், அவள் திருகாணி சோதிக்கும் வேலை பார்க்கிற கம்பெனியின் டாக்டர் சீட்டு எழுதி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஓர் இளம் டாக்டரம்மா கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, இழுப்பதற்கு முன் உடம்பில் என்ன தெரிகிறது என்று கேட்டார். இரண்டு வாரம் அந்தக் கேள்வி மட்டும்தான். அதன் பிறகுதான் பயிற்சி.

"தும்மல் வர்றதுக்கு முன்னாடி மூக்குல ஒண்ணு ஊறும் பாரு, அத்த மாரி கயுத்துல ஊறும். ஊறும்போதே நாம எதிர்ப்பக்கமா இறுக்கிக்கணும். கொஞ்சம் தாக்குப் புட்ச்சா அதுவே அடங்கிப் பூடும்" என்று விளக்குவாள். அடங்காத நாளையும் ஒளிப்பதில்லை. "நின்னுபோச்சுன்னு யாரு சொன்னா? கொறஞ்சிகீது."

பரவாயில்லையே என்று யாராவது சந்தோஷப்பட்டால் எரிந்து விழுவாள். "இன்னா பரவால்ல? மூணு மாசத்துல கத்துக்கினேன். இருவத்தாறு வருசமா ஒருத்தனும் சொல்லல."

தம்பி வேம்புலிக்கு ஒற்றைக் கண் சிமிட்டும். எதிரே இருந்த பெண்ணைப் பார்த்துக் கண்ணடித்தான் என்று பூந்தமல்லி பேருந்திலிருந்து இறக்கி அடித்தார்கள். அடிக்க அடிக்க இன்னும் அதிகமாகச் சிமிட்டினான், அதற்கும் அடித்தார்கள். பிறகு அவன் நாலு பேர் கூடுகிற இடத்துக்கே போகவில்லை. மஞ்சள் காமாலை முற்றியபோதும், ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். இருபத்திரண்டு வயது. "அவன் காமாலையில சாவல. எதிர்க்க ஒக்காந்து பாப்பானுங்களே, அதுல செத்தான்" என்பாள். அதற்கு மேல் அவனைப் பற்றிப் பேச மாட்டாள்.

பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாவின் மகள் நாகவல்லிக்கு ஒன்பது வயது. போன மாதம் அவளுக்கு ஓயாமல் கண் கொட்ட ஆரம்பித்தது. கூடவே நொடிக்கொரு தரம் தொண்டைக் கனைப்பு. டீச்சரைக் கேலி செய்கிறாள், திருந்தினால் அனுப்புங்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"திட்டாதடி. திட்டுனா ஜாஸ்தியாவும். வர்ற திங்கக்கெயம நான் லீவு போட்டு இஸ்துகினு போறேன்" என்றாள் பஞ்சவர்ணம்.

"ஒனக்கு இன்னாக்கா, ஒண்டிக்கட்டை. இத்த நான் நாளைக்கு ஒருத்தன் கையில புட்ச்சிக் குடுக்கணும்" என்றாள் பொன்னியம்மா. ஆனாலும் சரியென்றுதான் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை மூச்சு முட்ட இருமுவது கேட்டது. பஞ்சவர்ணம் சோற்றுக் கையோடு ஓடினாள். சட்டியில் தணல்; அதன்மேல் மிளகாய் வற்றல் கருகிக்கொண்டிருந்தது. பொன்னியம்மா மகளின் பிடரியைப் பிடித்து முகத்தைப் புகைக்குள் அமுக்கிக்கொண்டிருந்தாள். இறுக மூடிய இமைகள் மூடியபடியே துடித்தன.

"உடுடி."

"நீ போக்கா. ஒரு தபா பொகையில காட்டுனா பயந்து உட்டுடும்னு அல்லாரும் சொல்றாங்கோ. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனா, இது எப்ப இஸ்கூலுக்குப் போவுறது?" பொன்னியம்மாவும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

பஞ்சவர்ணம் கத்தவில்லை. குழந்தையைப் பிடுங்கி வாசலுக்குத் தள்ளிவிட்டு, அவள் இருந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் சட்டியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"இதுக்கு நேத்து வந்தது. எனக்கு ரொம்ப வருசமா கீது. மொதல்ல எனக்குக் காட்டு. எனக்கு நின்னுச்சின்னா அதுக்கு வையி."

"யக்கா, வாணாங்கா…"

"பாருடி. கண்ண எடுக்காம பாரு."

புகைக்குள் குனிந்தாள். கண்ணும் மூக்கும் ஒழுகின. கழுத்து ஒரு தரம் வெட்டி இழுத்தது, மறுபடி, மறுபடி, தொண்டை குரைத்தது. எழுந்து ஓடப் பார்த்த பொன்னியம்மாவின் மணிக்கட்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் தடவித் தடவிக் காகிதப் பொட்டலத்தைக் கண்டுபிடித்து, மிச்சமிருந்த மிளகாயை எல்லாம் தணலில் கொட்டினாள்.