முருகேசுவுக்குப் பக்கத்து ரோலர்

தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் தோட்டத்தில் ஸ்டோர் என்போம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தேயிலையை மெஷினில் உருட்டும் ரோலிங் ரூமுக்குள் போனதும் பச்சைக் கொழுந்தின் நெடியில் தலை சுற்றியது. பக்கத்து ரோலரில் நின்ற முருகேசு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"நல்ல தூளெல்லாம் கப்பல் ஏறிரும். நம்ம பங்கு வாசம் மட்டுந்தான். அதையாவது முழுசா இழுத்துக்க."

அன்றிலிருந்து முப்பது வருடம் நாங்கள் பக்கத்துப் பக்கத்து மெஷின். ஜன்னலுக்கு வெளியே மலை மெல்லக் கரைந்து பனிமூட்டமாகும். உள்ளே ரோலர்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் அவன் குரல் எங்கிருந்தோ மிதந்து வருவதுபோல் கேட்கும்.

ஒரு மழைக்காலப் பிற்பகல். சிக்கிய கொழுந்தைத் தட்டிவிட, ஓடும் ரோலரில் கையை விட்டேன். தவறு என்னுடையதுதான். முருகேசு பாய்ந்து சுவிட்சை அணைத்ததால் கை தப்பியது. இரண்டு விரல்கள் போய்விட்டன.

கொழுந்து லொறியில் என்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் வெள்ளைப் பனிமூட்டம். லொறி மேகத்துக்குள் நீந்துவதுபோல் இருந்தது. வலிகூடத் தூரத்தில் வேறு யாருக்கோ நடப்பதாகத் தோன்றியது. கண் சொருகியது. பக்கத்தில் இருந்த முருகேசு தட்டி எழுப்பினான்.

"டேய், தூங்காத. நீ தூங்கிட்டா நான் யாருகிட்ட பேசுறது? டிரைவர் அண்ணனுக்குச் சிரிப்பே வராது."

"ரோடே தெரியல முருகேசு, சிரிப்பு எங்கேர்ந்து வரும்?" என்றார் டிரைவர்.

"நமக்கு ரோடு தெரியல, ரோட்டுக்கு நம்மள தெரியல. சரியாப் போச்சு. மெதுவா போங்க."

கட்டுப் போட்ட கையைப் பார்த்து நான் அழுதபோதும் அவன் விடவில்லை. "எதுக்குடா அழுவுற? பள்ளிக்கூடத்துலயே ஒனக்கு எட்டுக்கு மேல எண்ணத் தெரியாதுன்னு சொல்லியிருக்கியே." அழுகையோடு சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புதான் என்னைத் திரும்ப ஸ்டோருக்கு அழைத்து வந்தது.

போன மாதம் முருகேசு இறந்துபோனான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து முற்றத்தில் நின்றவர்கள் ஆளுக்கொரு பகிடியாக அவன் சொன்னதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்தார்கள். நானும் விரல் கதையைச் சொன்னேன். அதைக் கேட்ட அவன் மனைவி லெட்சுமி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அன்னைக்கு ஒங்கள ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்து, அடுப்படியில உக்காந்து தேம்பித் தேம்பி அழுதாருங்க அண்ணே. ரெண்டு நாளு சோறு எறங்கல. ‘இன்னும் கொஞ்சம் வெரசா ஓடியிருந்தா வெரலு தப்பியிருக்கும்’னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. கடைசி வரைக்கும் அது அவரு மனச விட்டுப் போகல. ஒங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னுட்டாரு."



இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். மெஷினை நிறுத்தாமல் கை வைக்காதீர்கள். அதை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. உங்கள் ரூமிலும் எல்லாரையும் சிரிக்க வைக்கிற ஒருவன் இருப்பான். சிரித்து முடித்ததும் கொஞ்சம் நின்று, "நீ எப்பிடிப்பா இருக்க?" என்று அவனிடம் கேளுங்கள்.

முப்பது வருடத்தில் நான் ஒருநாளும் கேட்கவில்லை.