பத்துக்கேழு அக்கா

கடைக்காரர் அந்த வாஷிங் மெஷினைப் பற்றி அளந்துகொண்டிருக்கிறார். சத்தமே வராதாம், ஆயுசுக்கும் உழைக்குமாம். நம்ம அக்கா தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, தங்கையின் காதைக் கடிக்கிறாள்: "எல்லாத்தையும் பத்துக்கு ஏழு போட்டுக்கோடி."

தொழிற்கூடத்தில் அவளுக்குப் பெயரே 'பத்துக்கேழு அக்கா'தான். இரண்டு இரும்புத் தகடுகள் சேரும் மூலையை வெல்டர் உருக்கி நிரப்புகிறாரே, அந்தப் பற்று எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. தகட்டின் மேல் அது படிந்திருக்கும் அகலத்தை நம்பக் கூடாது. உள் மூலையிலிருந்து மேல்முகம் வரை குறுக்கே இருக்கும் தடிமன்தான் சுமக்கும். அகலம் பத்து என்றால் தடிமன் ஏழு. "வெளிப்பகட்ட நம்பாதீங்கப்பா, உள்ள எவ்வளவுன்னு பாருங்க" என்று வெல்டர்களிடம் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

போன வாரம் ஒரு ராட்சதத் தண்ணீர்த் தொட்டியைக் கிரேனில் தூக்க வேண்டியிருந்தது. தொட்டியின் தலையில் பற்றவைத்த, ஓட்டை போட்ட நான்கு இரும்புக் காதுகளில் கொக்கி மாட்டித் தூக்குவார்கள். பக்கத்தில் நின்று கிரேனுக்குக் கைகாட்டுபவர் அக்காவின் புருஷன். அக்கா டீயை உறிஞ்சிக்கொண்டே தன் கணக்கைச் சும்மா ஒரு பார்வை பார்த்தாள். தடிமன் ஏழு. சரி, அகலத்தைக் குறைத்துப் போட்ட வரி எங்கே? காணோம். அகலத்தையே தடிமன் என்று எழுதித் தொலைத்துவிட்டாளோ? அகலமே ஏழு என்றால் தடிமன் ஐந்துகூட வராதே! தொட்டி அந்தரத்தில் இருக்கும்போது காது பிய்ந்துகொண்டால்?

டீ ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம். ஓடினாள்.

"ஏங்க! நிறுத்தச் சொல்லுங்க! மொதல்ல நீங்க தள்ளி வாங்க!"

"என்னம்மா, கொக்கியெல்லாம் மாட்டியாச்சு..."

"மாட்டுனா கழட்டுங்க!"

"வீட்டுச் சண்டைய வீட்டோட வெச்சுக்கக் கூடாதா?" என்று கிரேன்காரர் மேலிருந்து முணுமுணுத்தார்.

அக்கா ஏணியில் ஏறி, முதல் காதின் பற்றில் அளவுகோலை வைத்தாள். அவசரத்தில் அது நழுவியது. மறுபடி வைத்தாள். அகலம் பத்து! அடுத்ததும் பத்து. நான்கும் பத்து. தாளில் இருந்தது ஏற்கெனவே குறைத்த ஏழு. குறைத்துக் குறைத்தே பழகிய மூளை, அகலத்தைக் கண்டதும் மனசுக்குள்ளேயே கணக்கை முடித்துவிட்டது, எழுதத்தான் மறந்திருக்கிறது. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. ஏணி மேலேயே உட்கார்ந்து சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன ஆச்சு?" என்றார் புருஷன்.

"ஒண்ணும் ஆகல. சரியாத்தான் இருக்கு. தாராளமா தூக்குங்க."

இறங்கி வந்தாள். கொக்கி இறுகியது, தொட்டி அசைந்து எழும்பியது. "மேல, மேல" என்று கையைக் காட்டிக்கொண்டே புருஷன் ஓர் அடி முன்னால் வைக்கப் பார்த்தார். முடியவில்லை. பின்னால் நின்ற அக்கா அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள்.