உயிர் இருக்கும் அறை

போன மார்கழியில் ஒரு காலை. கப்பலூரில் நான் வேலை பார்க்கும் குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் இது நடந்தது. சுற்றுவட்டாரப் பெண்கள் தங்கள் நாட்டுக்கோழி முட்டைகளைக் கொண்டுவந்து தருவார்கள். நாங்கள் அவற்றைச் சூடான அறைகளில் வைத்துக் குஞ்சாக்கித் திருப்பிக் கொடுப்போம். எந்த அறைக்கு எவ்வளவு சூடு என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அது இருக்கும் பக்கம் போகவே கூசுவேன்.

அன்று மூன்றாவது அறையில் ஹீட்டர் நின்றுவிட்டது. கதவிலுள்ள கண்ணாடி வழியாகப் பார்த்தால், தெர்மாமீட்டர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. முந்தின நாள்தான் அந்த முட்டைகளை டார்ச் அடித்துப் பார்த்திருந்தேன். உள்ளே சிவப்பு நரம்பு ஓடியிருந்தது. சூடு இல்லாவிட்டால் அத்தனையும் செத்துப்போகும்.

மேலாளர் போன் போட்டதும், மதுரை டவுனிலிருந்து சாஃப்ட்வேர் பார்க்கும் பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பர்தாவில் ஒரே புழுதி. அதற்குள், அந்த அறை முட்டைகளைக் கொடுத்திருந்த எழுமலை ஊர்க்கார அக்காவும் அடுத்த கூடையோடு வந்துவிட்டார்.

"குஞ்சு கேட்டா ஆம்லேட்டுத்தேன் குடுப்பீக போல" என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். அறைக் கதவில் புதிதாக '#3' என்று பெயின்ட் அடித்திருந்தோம். மேலாளர் அன்று காலை கம்ப்யூட்டரிலும் அறையின் பெயரை அப்படியே மாற்றியிருக்கிறார். '#' என்ற அந்தக் கட்டக் குறிக்குப் பின்னால் வருவதெல்லாம் மனிதர்கள் படிக்கும் குறிப்பு என்று மிஷின் ஒதுக்கிவிடுமாம். அதே வரியில் பெயருக்குப் பின்னால்தான் சூட்டின் அளவும் இருந்தது. அதுவும் சேர்ந்து போய்விட்டது.

மேலாளர் முகம் வாடிவிட்டது.

"கதவுல இருக்குறதுதேன் ஸ்கிரீன்லயும் இருக்கணும், சரிதான சார்? அந்தக் குறிய மட்டும் சும்மா விடக் கூடாது, அம்புட்டுத்தேன்" என்றார் அந்தப் பெண்.

முதலில், இருந்ததை இருந்தபடியே ஒரு நகல் எடுத்து வைத்தார். பிறகு பெயருக்கு இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டார். இனி மிஷின் அதை வெறும் பெயராகத்தான் படிக்குமாம்.

"சட்டுன்னு மூணுல ஓட விடும்மா!" மேலாளர் பரபரத்தார்.

"உசுரு இருக்குற ரூம்ல சோதிச்சுப் பாக்க மாட்டேன் சார். காலி ரூம் எது?"

அந்தப் பெண் அவசரப்படவே இல்லை. காலி அறைக்கும் அதேபோல் பெயர் வைத்துப் பார்த்தார். அங்கே ஹீட்டர் ஓடிய பிறகுதான் மூன்றாவது அறைக்கு வந்தார். அதுவும் ஓடியது. அப்போது என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, ஸ்கிரீன் சொல்றது இருக்கட்டும். உள்ள தெர்மாமீட்டர் என்ன சொல்லுது?"

என்னிடம் யாரும் அப்படியெல்லாம் கேட்டதில்லை. "ஏறுதும்மா" என்றேன்.

"பழைய சூடு வந்ததும் சொல்லுங்கண்ணே. அப்பறந்தேன் கெளம்புவேன்."

வாங்கி வைத்த டீ ஆறிப்போகும்வரை கண்ணாடி அருகே என்னோடு நின்றிருந்தார்.

பொரிக்கும் நாளில் பார்த்தால், ஒன்றிரண்டு முட்டைகள் கூழாகிப் போயிருந்தன. மற்றவையெல்லாம் பொரிந்தன. கீச்சுக் கீச்சென்று கத்தும் குஞ்சுகளைக் கூடை நிறையத் தூக்கிப் போகும்போது, "ஆம்லேட்டு தப்பிச்சிருச்சுப்பா" என்று சிரித்தார் எழுமலை அக்கா.

இன்றும் எந்தச் சுவிட்சைத் தொடப் போனாலும், கதவுக்குப் பின்னால் உயிர் இருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்த பிறகே என் கை நீள்கிறது.