ஏரிக்கு அந்தப் பக்கம் போன எஸ்தர் டீச்சர்

தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்காக நின்றிருந்தேன். எஸ்தர் டீச்சரின் தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அக்கா போயிட்டாங்க, டீச்சர்" என்றார். ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

இந்த அஞ்சலிக் கூட்டத்தில், அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், எவ்வளவு பயந்த சுபாவம் என்று. இடி இடித்தால் பாடத்தை நிறுத்திவிட்டு மாணவிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடுவார். தலைமையாசிரியை கூப்பிட்டால் துணைக்கு என்னையும் இழுப்பார். அவரோடுதான் எழுபத்தொன்றில், ஜனத்தொகைக் கணக்கெடுக்க, திருநீர்மலைக்கு அப்பால் ஒரு கிராமத்துக்குப் போனேன்.

நிலக்காரர்களின் பெரிய தெருவில் மோர் கொடுத்தார்கள். நெசவாளர் தெருவில் ஒரு பெண் கணவன் பெயரைச் சொல்ல மறுத்து, "அதோ, மலைமேல படுத்துகினு கீறாரே, அவரு பேருதான்" என்று கோயிலைக் காட்டினாள். "ரங்கநாதன்" என்று எழுதிக்கொண்டு டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அத்தோடு சரி.

ஏரிக்கரையில் பெரிய தெரு ஆள் ஒருவன் தடியோடு வழிமறித்தான். "அந்தாண்ட யாரும் இல்ல, டீச்சர். திரும்பிப் போங்க." ஏரிக்கு அந்தப் பக்கம், புறம்போக்கில், கூலிக்காரர்களின் குடிசைகளிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. "அவங்கள எழுதினா நாளைக்கு இடம் எங்களுதும்பாங்க" என்றான்.

டீச்சர் என் கையை இறுகப் பிடித்தார். பிடித்த கையோடேயே என்னை இழுத்துக்கொண்டு அவனைத் தாண்டி நடந்தார்.

அந்தக் குடிசைக் காலனியில் எல்லாக் கதவும் சாத்திக்கொண்டன. ஒரு பெண் மட்டும் குழந்தையை அணைத்தபடி வாசலில் நின்றாள். "பேரெல்லாம் வாணாம்மா. கொளுத்திடுவாங்க."

பின்னாலேயே வந்த அவன், வாசலில் இருந்த தண்ணீர்ப் பானையைத் தடியால் அடித்தான். டீச்சரின் புடவை நனைந்தது. "இப்ப எழுது, பாக்கலாம்."

"எனக்கு பயமாத்தான் இருக்குப்பா" என்றார் டீச்சர். அழுகை கலந்த குரல். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, "உனக்கு இஷ்டம்னா சொல்லும்மா. நான் எழுதறேன்" என்றார்.

அவள் உடைந்த பானையைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். "எயுதிக்க. முனியம்மா."

ஒரு கதவு திறந்தது. இன்னொன்று. பெண்கள் வந்து எங்களைச் சுற்றி நின்றுகொண்டு பெயர் சொல்ல ஆரம்பித்தார்கள். "பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

திரும்ப வேறு வழி கிடையாது. மதகடியில் அவன் தன் ஆட்களோடு உட்கார்ந்திருந்தான். காலனிப் பெண்கள் சாலை வரைக்கும் கூடவே வந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் டீச்சர் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

"பயம் போச்சா?" என்று கேட்டேன்.

"எங்க போவுது டீச்சர்? நாம பஸ் ஏறிடுவோம். அவங்க அங்கதானே இருக்கணும்?"

அந்த வாரம் முழுவதும் அவருக்குத் தூக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் அந்த ஏரிக்கரைக்குத் தனியாகப் போயிருக்கிறார். மறுநாள் பள்ளியில் என் காதருகே வந்து, "எல்லாரும் இருக்காங்க" என்றார். அந்தக் குடிசைகள் இன்றும் இருக்கின்றன.

பயம் தெளியட்டும் என்று நான் ஒத்திப்போட்ட காரியங்கள் எத்தனையோ. அப்போதெல்லாம், வியர்த்து, தனியாக அந்தக் கரையில் நடந்த எஸ்தர் டீச்சர் என் முன்னால் போகிறார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நடைதான்.